நாற்பத்தெட்டு அலகு

ஒரு பொத்தான் குறைந்தது நாற்பத்தெட்டு அலகு
என்கிறது வழிகாட்டி.
ஆருடைய விரலை அளந்தார்களோ.

கிளிநொச்சி, ஏ ஒன்பது வீதி,
டைல்ஸ் கடைக்கு மேலே எங்கள் அறை.
லொறி போனால் மேசையோடு எழுத்தும் ஆடும்.
முதல் ஆப்பை நிதர்சினி ஓர் இணையப் பக்கமாய்ச் செய்து
உறைக்குள் போட்டுத் தந்தாள்.
கைமாறி வந்த மலிவுப் போன்களில்
தொட்டபின் ஒரு மூச்சு விட்டுத்தான் அசைந்தது.
அதற்குள் தண்ணீர்
அடுத்தவன் வயலுக்குத் திரும்பிவிடும்.

ஆகவே கொட்லினில், மறுபடி முதலிலிருந்து.
ஆங்கிலத்தில் அடங்கிய சொல்
தமிழில் பொத்தானுக்குள் நிற்க மாட்டேன் என்றது:
‘உறுதிப்படு…’
எதை என்று மூன்று புள்ளிக்கும் தெரியாது.
எழுத்தைச் சிறிதாக்கவில்லை. சொல்லை மாற்றினேன்:
‘வந்திட்டுது.’
கொம்பும் சுழியும் வெட்டுப்படாமல்
மேலும் கீழும் இடம் விட்டேன்.

சிறுபோகம், பங்கு போட்ட குளத்துத் தண்ணீர்.
முரசுமோட்டையில் சோதனை.
யோகேந்திரம் அண்ணை போனை வாங்கி
லான்ட்மாஸ்டர் மட்காட்டில் வைத்தார்.
வலக்கையில் பெருவிரல் இல்லை, அடுத்ததும் இல்லை.
இடக்கையில் மண்வெட்டி.
மடக்கிய விரல் முட்டியால்
கதவைத் தட்டுவதுபோலத் திரையைத் தட்டினார்.

நான் கேட்கவில்லை. இங்கே கேட்பதில்லை.
திரையைத்தான் பார்த்தேன்:
இழுத்தால் வரும் பட்டி வரவில்லை,
நீள அழுத்தினால் விரியும் தெரிவு விரியவில்லை,
பெருவிரல் எட்டுமென்று நான் வளைத்துவைத்த மூலை
வெறும் மூலை.
ஒரு தட்டு இரண்டாய்ப் பதிந்தது.
ஒரே வயலுக்கு இருமுறை தண்ணீர்.

“பிழை என்னிலயோ, போனிலயோ?”
“என்னில, அண்ணை.”

இரவு முழுக்க அழித்தேன்.
பட்டி போனது. நிழல் போனது.
தண்ணீர் நிரம்புவதுபோல் ஒரு சின்ன அசைவு,
மூன்று நாள் வேலை, எனக்கு நல்ல விருப்பம்,
அதுவும்.
முட்டி இரண்டாம் முறை பட்டால்
அரை நொடி பேசாமல் இரு என்று
பொத்தானுக்கு எழுதிவைத்தேன்.
அகலம்: திரை முழுக்க.
உயரம்: நூற்றிருபது.
நிதர்சினி எட்டிப் பார்த்து
“படலை மாதிரிக் கிடக்கு” என்றாள்.

வியாழன், அதிகாலை இரண்டு பத்து.
பதிவேட்டில் ஒரு வரி:
நான்காம் வாய்க்கால், வந்திட்டுது.
ஒரு முறை.

பிறகு நாற்பது நிமிடம்
எதுவும் பதியவில்லை.
பாய்ந்துகொண்டிருந்திருக்கும்.