ஈர்க்கு

பழைய கல்லடிப் பாலத்தில் பாதி கடந்த பிறகுதான்
பின்னால் சைக்கிளில் வந்த பொடியன் கூப்பிட்டான்:
"அன்ரி, செருப்பு."
இடது கால் வெறுங்காலாய்
எத்தனை விளக்குக் கம்பம் தாண்டியதோ,
பாலத்தின் சூடு எனக்குச் சொல்லவில்லை.

சீனி என்றார்கள். சீனி இல்லை.
முள்ளந்தண்டுத் தேய்வு என்றார்கள்.
நாவற்குடாவில் ஒருவர் எண்ணெய் போட்டு உருவினார்,
பதினொரு நாள், மீன் சாப்பிடக் கூடாது.
கழுத்திலும் கமுக்கட்டிலும் இருந்த கட்டிகள்
போன வருசமே கரைந்துவிட்டன.
கடைசி ஊசி முடிந்த கிழமை வங்கியில் கேக் வெட்டினோம்.
புவிதா என் புது மயிரைத் தடவி
குருவிக் குஞ்சு என்றாள்.

மகரகம என்பது எங்களுக்கு ஊரின் பெயர் இல்லை.
"அவ மகரகமைக்குப் போறாவாம்" என்றால்
அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.
இரண்டாம் முறை போனேன்.
சொல் தேடித் தேடித் தமிழ் பேசும் டொக்டர்
படத்தைத் திருப்பிக் காட்டினார்:
கட்டி இல்லை. ஒரு கோடு.
இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை
யாரோ மஞ்சள் பேனையால் இழுத்த மாதிரி.
"நரம்புக்குள்ள ஒளிச்சிருக்கு அம்மா.
அங்க மருந்து போறது கஷ்டம்."
மன்னிப்புக் கேட்கிற குரல்.

பதினெட்டு வருசம் காசாளர்.
கள்ள நோட்டைப் பார்த்தல்ல, தடவிப் பிடித்தவள்.
இப்போது வலது பெருவிரலுக்கு
ஆயிரமும் இருபதும் ஒரே துணி.
ஆனால் இரவு இரண்டு மணிக்கு
மரத்துப்போன அதே காலில் நெருப்பு.
தொட்டால் தெரியாத இடம்
தொடாமல் எரிகிறது. இது என்ன நியாயம்?

அவர் விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கு முறித்து
ஒவ்வொரு இரவும் பார்க்கிறார்.
டொக்டர் சொல்லவில்லை, அவராகவே.
கண்ணை மூடு. இப்ப?
ம்.
இப்ப?

கலண்டர் தாளின் பின்பக்கம் என் காலை வரைந்து
தெரிகிற எல்லையைப் பென்சிலால் குறிக்கிறார்.
முதலில் கணுக்கால்.
மறுகா முழங்காலுக்குக் கீழே நாலு விரல்.
மாரியில் முற்றத்தில் குச்சி நட்டு
வெள்ளம் பார்க்கிற அதே முகம்.

நேற்று,
இப்ப? என்றார்.
தெரியுது, என்றேன்.
சத்தமில்லை.
கண்ணைத் திறந்தேன்.
ஈர்க்கு அவர் கையில், காற்றில்.
இன்னும் தொடவே இல்லை.

பென்சிலை எடுத்து
பழைய கோட்டின் மேலேயே
இன்னொரு முறை அழுத்தி வரைந்தார்.