நடு வட்டம்

கேள்வி ஒன்று:
உங்களுக்கு மனிதர்களோடு வேலை செய்யப் பிடிக்குமா, பொருட்களோடா?

சில்லறை எதில் சேர்த்தி என்று கேட்டேன்.
கோரிமேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில்
எதிர் நாற்காலி நௌஷாத் சிரித்தான்.
கழுத்தில் அட்டை, 'தொழில்வழி ஆலோசகர்.'
எனக்கு நாற்பத்தொன்று.
அவன் மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.

பதினோரு வருஷம் பைபாஸ் டோல்கேட்டில்
நான்காம் பாதை என் பாதை.
நாளைக்கு ஆயிரத்து இருநூறு கை:
மருதாணிக் கை, கிரீஸ் கை,
நோட்டைக் குழந்தையிடம் கொடுத்து
நீட்டச் சொல்லும் கை.
அப்புறம் கண்ணாடியில் சின்னதாய் ஒரு ஸ்டிக்கர் வந்தது.
கைகள் உள்ளேயே இருந்துகொண்டன.
ஒரு சனிக்கிழமை எட்டுப் பேருக்கு
டீ கொடுத்து அனுப்பினார்கள்.
நல்ல டீ, பொய் சொல்லக் கூடாது.

கேள்வி பதினான்கு:
கூட்டத்திலிருந்து திரும்பினால் களைப்பா, உற்சாகமா?

கால்தான் களைக்கும் என்று எழுத இடமில்லை.
மூன்று வட்டம் இருந்தது.
நடு வட்டத்தைக் கறுப்பாக்கினேன்.
அடுத்ததிலும் நடு வட்டம்.
அதற்கடுத்ததிலும்.

கேள்வி இருபத்தொன்பது:
நேரம் போவதே தெரியாமல் நீங்கள் செய்யும் காரியம் எது?

இதற்கு வட்டம் இல்லை. வெறும் கோடு.
வெளியே ஏற்காடு பஸ் ஒன்று
மேட்டைப் பார்த்து முனகியது.
'கிளட்ச் பிளேட் போச்சு'
என்றேன், என்னை அறியாமல்.
'என்னங்க்கா?' நௌஷாத் நிமிர்ந்தான்.

யாரிடமும் சொன்னதில்லை.
இரவு ஷிப்டில், பூத்துக்குள் கண்ணை மூடி
ஒரு விளையாட்டு.
விளக்கு தெரிவதற்கு முன்பே
இது காலி லாரி,
இது ஜவ்வரிசி மூட்டை,
இது வெள்ளைக்கல் லோடு,
இதன் பின்சக்கர பேரிங் தொப்பூர் தாண்டாது.
ஒருமுறை மீதிச் சில்லறையோடு
அதையும் ஒரு நாமக்கல் டிரைவரிடம் கொடுத்தேன்.
திரும்பி வரும்போது
ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு தந்தான்.
எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.
காது அதுவாய்ப் போகிறது,
பசுவுக்குப் பின்னால் கன்று போவதுபோல.

கம்ப்யூட்டர் முடிவைத் துப்பியது:
வரவேற்பாளர். வங்கி எழுத்தர்.
கல்யாண மண்டப மேலாளர்.
நௌஷாத் தாளைப் பார்த்தான்,
ஜன்னலைப் பார்த்தான்,
தாளை மடித்தான்.
'எனக்கு இதுல வாத்தியார்னு வந்துச்சுங்க.
அடுத்த வருஷம் இந்தச் சீட்டுக்கும் மிஷினாம்.'
கொஞ்ச நேரம் இருவரும் ஃபேனைக் கேட்டோம்.
அதற்கும் பேரிங் சரியில்லை.

இப்போது அடிவாரத்தில், லூர்துராஜ் பட்டறையில்.
இருபது கொண்டை ஊசிகளைத் தின்றுவிட்டு
பிரேக் கருகி இறங்கும் வண்டிகள்.
நான் கேட்டுச் சொல்கிறேன்,
பையன்கள் கழற்றுகிறார்கள்.
ஐந்தில் இரண்டு தப்பாய்ப் போகிறது.
சம்பளம் பழையதில் முக்கால்.
பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' வந்தால்
மகள் பென்சிலால் எழுதுகிறாள்.

போன வாரம் ஒரு மின்சாரக் கார் வந்து நின்றது.
வந்ததே தெரியவில்லை.
பட்டறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வயிற்றில் அந்தச் சனிக்கிழமை டீயின் சூடு.

தள்ளச் சொன்னேன், பத்தடி.
டக். டக். டக்.
டயர் இடுக்கில் ஒரு கல்.
அவ்வளவுதான்.
பேட்டரி பேசும் பாஷை எனக்குத் தெரியாது.

சூரமங்கலத்தில், வியாழன் இரவு ஏழு மணிக்கு,
மின்வண்டி வகுப்பு.
சேர்க்கைப் படிவத்தில் 'ஆர்வம்' என்று ஒரு கோடு.
சத்தம் என்று எழுதினேன்.
'சரியா எழுதுங்கம்மா' என்று
கிளார்க் பேனாவைத் திரும்ப நீட்டினார்.

ஆயிரத்து இருநூறு கைகளை வாங்கியவள்,
அந்த ஒரு கையை வாங்கவில்லை.