அழகைக் கெடுக்கிற வேலை

நான் பிடித்துக்கொள்வேன்.
வுலாதியானா கீறுவாள்.
மாசக் கூலிக்கு என் வேலை இதுதான்:
ஆமை திமிறாமல் முழங்காலிடுக்கில் இறுக்குவது.

மூங்கில் புதரில் வெயில் ஏறுமுன் தொடங்கிவிட வேண்டும்.
பல் டாக்டரிடம் சுழலுமே, அந்த மாதிரி ஊசி.
முனை பட்டதும் முடி கருகும் வாடை.
தேனடை நிறத்தில் உருண்டெழுந்த முதுகில்
இரண்டு எழுத்து, மூன்று எண்.
கோணலாக வந்தால் அவளுக்குச் சந்தோஷம்.

"வலிக்காது, நகம் மாதிரிதான்" என்பாள்.
ஆமைக்குச் சொல்கிறாளா, எனக்கா, தெரியாது.

கடல் தாண்டி எவனோ
கண்ணாடித் தொட்டியில் விட்டுப் பார்க்க
ஒரு ஆமைக்கு ஒரு வீட்டு விலை கொடுக்கிறானாம்.
கீறல் விழுந்த ஓட்டைத் தொடமாட்டானாம்.
மடகாஸ்கரிலும் இந்தச் சுவலாலா பக்கம் மட்டும்தான் இவை.
மிச்சம் எத்தனை என்று அவள் விரல்விட்டு எண்ணுவதில்லை,
விரல் மிஞ்சிவிடுமோ என்ற பயம்.

எங்களில் பிறந்த பிள்ளையை
அழகென்று வாய்திறந்து சொல்லமாட்டோம்.
எலி என்போம். சாணி என்போம்.
ஒட்டுக்கேட்பது எதுவோ அது
சீ என்று போய்விடட்டும்.
இதைச் சொன்னபோதுதான் முதல்முறை சிரித்தாள்,
தலைநகரில் படித்து வந்தவள்.
வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர்
குப்பையாம்.

ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.
பெண். ஓட்டின் ஒவ்வொரு கட்டத்திலும்
வெட்டுமரம்போல் வருஷம் வளையம் வளையமாய்.
ஊசியை மூன்று தரம் எடுத்தாள், வைத்தாள்.
"பேட்டரி தீர்ந்துவிட்டது" என்றாள்.
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்ததை
நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் காற்றில் நாலு நாள்
தீத்தடுப்புப் பாதை வெட்டப் போனோம்.
(மாட்டுக்குப் புல் துளிர்க்க ஒரு காலத்தில்
தீ வைத்தவன்தான் நானும்.
எங்கே பற்றும் என்று அதனால் என்னைத்தான் கேட்பாள்.)
திரும்பி வந்தால் தடத்தில்
மூன்று ஆமைகள் மல்லாந்து கிடந்தன.
டார்ச் அடித்து, எண்ணைப் பார்த்து,
வேண்டாமென்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
கால்கள் இன்னும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன.

கொஞ்சம் தள்ளி
சாக்கு இழுபட்ட கோடு, கடல்வரைக்கும்.

மூன்றையும் நிமிர்த்தி வைத்தாள்.
கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய்
குட்டிகள் வளரும் கூண்டைத் திறந்தாள்.
என் உள்ளங்கை நிறைகிற ஒன்று.
"பிடி."

அது தலையை உள்ளிழுத்து
உஸ் என்றது.
ஊசி சுழன்றது.
எழுத்து இந்த முறை அச்சடித்தாற்போல்
நேராக வந்துவிட்டது.
பார்த்தாள்.
அதன்மேலேயே இன்னொரு தரம்
கோணலாகக் கீறினாள்.