ஒவ்வாமை

அம்பாறைக் கச்சேரி. இரண்டாம் மாடி.
கொழும்பில் ஆள் போதாதாம்,
சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதி
பிழை பார்க்க என்னிடம் வந்திருக்கிறது.
மொழிக் கற்கைகளுக்கான தேசியப் பல்கலைக்கழகம்.
வெள்ளிக்கு முன் திருப்பி அனுப்பவும்,
எழுத்துப் பிழை மட்டும்
என்று சொல்லும் முகப்புக் கடிதம்
சிங்களத்தில்.

பிரிவு மூன்று. பல்கலைக்கழகம்
வழக்குத் தொடரலாம்,
அதன்மீது வழக்குத் தொடரப்படலாம்.
பேச்சு வழக்கு என்ற ஒன்று
எந்தப் பிரிவிலும் இல்லை.
அமையும் இடம்: பதினேழு புள்ளிகள்.
எண்ணினேன். மின்சாரம் போயிருந்தது.

பதினொன்றரைக்கு உதுமாலெவ்வை வந்தார்.
பொத்துவிலில் இருந்து மூன்று பஸ்.
சட்டைப்பையில் வியர்வை குடித்து
மடிப்பில் கிழியத் தொடங்கிய கடிதம்.
காணிக்குப் பெர்மிட் வந்துவிட்டது என்று
ஊரெல்லாம் காட்டியிருக்கிறார்;
முத்திரை அவ்வளவு அழகு.
படித்தேன். காணி வன இலாகாவுடையதாம்.
ஆட்சேபம் இருந்தால் பதினான்கு நாள்.
இன்று இருபதாவது.

சொன்னேன்.
தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார்.
"மறுகா?" என்றார்.

மறுகா என்ன,
மேன்முறையீடு எழுதினேன், சிங்களத்தில்.
தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில்
‘கடிதம் தமிழுக்கு வந்து சேர
இருபது நாள் எடுத்தது.’
அதை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.
கீழே, நடுங்காமல், தமிழில் கையெழுத்து.

பின்னேரம் கடைசிப் பிரிவு.
சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே
ஒவ்வாமை ஏதும் இருப்பின்
சிங்கள உரையே மேலோங்கி நிற்றல் வேண்டும்.
எல்லாச் சட்டத்துக்கும் வால் இதுதான்.
நூறு தரமாவது தட்டச்சுச் செய்திருப்பேன்.
இறால் தின்றால் என் மகனுக்கு
முழங்கை தடித்துச் சிவக்கும்;
டொக்டர் துண்டில் எழுதியதும் இதே சொல்தான்.
ஆனால் அவனிடம் யாரும்
இறாலே மேலோங்கும் என்று சொல்லவில்லை.

லகர, ளகர, ழகரம் பார்த்தேன்.
ஒற்று மிகும் இடம் பார்த்தேன்.
பிழை இல்லை என்று எழுதி ஒப்பமிட்டேன்.
அவர்கள் கேட்டது எழுத்துப் பிழை.

பக்கத்து மேசை சமன்மலிக்கு
அடுத்த மாதம் தமிழ்ப் பரீட்சை.
"மறுகா என்டா, ‘ஈட்ட பஸ்ஸே’ தானே மிஸ்?"
ஓம் என்றேன்.
பிறகு, முழுக்க இல்லை என்றேன்.
சிங்கள எழுத்தில் குறிக்கத் தொடங்கியவள்
றகரத்துக்கு என்ன செய்வதென்று தெரியாமல்
சற்று நேரம்
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி.