ஒரே கட்டில், இரண்டு ஷிப்ட்

பகல் வெர்லினுக்கு, இரவு டார்லாவுக்கு.
மினசோட்டாவில் சர்க்கரை பீட் அறுவடை முடியும்வரை
ட்ரெய்லரில் ஒரே கட்டில்;
ஒருவர் எழுந்த சூட்டிலேயே மற்றவர் படுத்தார்.

பதினோராம் நாள் விரிப்பை மாற்றத் தூக்கினால்
மெத்தையின் வயிறு நனைந்திருந்தது.
பலகையில் மிளகு கொட்டியதுபோல் பூஞ்சை.

கூரை ஒழுகவில்லை. குழாயும் இல்லை.
"உங்க மூச்சுதான், வேர்வைதான்,"
என்றான் பக்கத்து வண்டி ஆஸ்மண்ட்.
"குளிர்ந்த பலகை மேல பட்டதும் தண்ணியாயிடும்.
அடியில காத்து போகணும்."

மறுநாள் மழை.
சேற்றில் லாரி இறங்காது, வேலை இல்லை.
வெர்லின் பலகையில் துளை போட்டான்,
நாற்பத்தாறு வரை எண்ணி விட்டுவிட்டான்.
அவள் வினிகரால் துடைத்தாள்,
மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கினாள்,
ஜன்னலை ஒரு விரல் திறந்தாள்.

துணியைப் பிழிந்தபோது அரைக் கோப்பைத் தண்ணீர்.
இதில் எது அவனுடையது?
வாசலில் நின்று கொஞ்சம் பார்த்துவிட்டு
ஊற்றினாள்.

அன்றிரவு இருவரும் சேர்ந்து படுத்தார்கள்.
யாருக்கு எந்தப் பக்கம் என்பது மறந்திருந்தது.
"நீ சுவரோரம்தானே?"
"இல்ல, நீதான்."
முதுகுக்குக் கீழே
துளைகளில் குளிர்காற்று.