எந்தப் படம்?

சீனக்குடா மா ஆலைக்குக்
கோதுமை கொண்டுவந்த கப்பலில் எண்ணெய்க்காரன், மெஸியான்.
கண்ணாடி நொறுங்கிய போனோடு
டொக்யார்ட் வீதியில் என் கடை தேடி வந்தான்.
பகலில் போன் திருத்துவேன்,
இரவில் கலியாணங்களுக்குக் கீபோர்ட்.
இரண்டுக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி.

திரை மாற்றி, சத்தம் சரியா என்று பார்க்க
விரலுக்கு அகப்பட்ட பாட்டைத் தட்டினேன்.

தட்டைத் தோற்பறை.
அதன் முதுகில் ட்ரம் மெஷின்.
தகரக் கூரையில் அவசர மழையாய் ஒரு பாஞ்சோ.
நடுவில் ஸ்பானியக் கிதார் ஒன்று
குதியைத் தட்டிக்கொண்டு வந்து அமர்ந்தது.
பிறகு ஒரு குரல்,
பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் நிற்பவளைக்
கூப்பிடுகிற மாதிரி,
ஆனால் ஓட்டோட்யூன் பூசி.

"அரபுப் பாட்டோ?"
முறைத்தான்.
டோஹாவில் என்னை இந்தியனா என்றவர்களை
நானும் இப்படித்தான் முறைத்தேன்.
"கபைல்" என்றான்.
மேசையில் கையைக் குவித்து மலை செய்தான்.

பிறகு உடைந்த ஆங்கிலத்தில் கணக்கு:
இந்த மண்டோல், இத்தாலியன் ஒருவன் செய்து தந்த வடிவாம்.
இந்த பாஞ்சோ அமெரிக்காவைச் சுற்றி வந்ததாம்.
கிதார், கடலுக்கு அக்கரை.
மெஷின் யப்பான்.
பாடுகிறவன் பரிசில் டாக்சி ஓட்டுகிறான்.

"அப்ப உங்கட எது?"

தேத்தண்ணி முடியும்வரை யோசித்தான்.
"நீ கை தட்டிப் பிழைக்கிறாயே,
அந்த இடம்."

உண்மைதான். மூன்று தரம் தட்டி
மூன்று தரமும் பிழைத்தேன்.

அந்த நேரம் பார்த்து
பாலையூற்று எர்வின் ரேகல் உள்ளே வந்தான்,
தச்சுவேலை முடித்து, மயிரெல்லாம் மரத்தூள்.
எங்கள் பாண்டின் வயலின்.
வாசலிலேயே நின்று தட்டினான்,
ஒன்று, இரண்டு, நழுவி, நாலு,
ஒரு இடமும் தவறாமல்.
"கஃப்ரிஞ்ஞா ஆறு. என்ர அம்மம்மாக்காரர் ஆடினது."

மெஸியானின் முகத்தில் மகிழ்ச்சி வந்தது.
கூடவே, சொல்லத்தான் வேண்டும்,
கொஞ்சம் ஏமாற்றமும்.

காசு வாங்கவில்லை. பாட்டுகளை வாங்கினேன்.
நாற்பத்தேழு.

சனிக்கிழமை உப்புவெளியில் ஒரு வரவேற்பு.
குத்துப்பாட்டு இரண்டுக்கும் இடையில்
எர்வின் எனக்குக் கண் காட்டினான்.
மண்டோல் வரியை வயலினில் எடுத்தான்,
பைலா பட்டனை நிறுத்தி
கையாலேயே ஆறைப் பிடித்தேன்,
ஓரிடத்தில் பிழைத்தும் போனேன்.
பொடியள் ஆடினார்கள். பிழையில் இன்னும் நல்லாய்.

அந்த ஒலித்தட்டில் பெண்கள் நாக்கை உருட்டுகிற
துண்டு ஒன்றை
ஒரு கட்டைக்குள் அடைத்து வைத்திருந்தேன்.
அமத்தினேன்.

சோற்று வரிசையில் பிளேட்டோடு நின்ற
சல்லிப் பெண்கள் நாலு பேர்
அம்மன் வாசல் என்று நினைத்தார்களோ என்னவோ,
திரும்பிக் குரவை இட்டார்கள்.
திரும்பவும் அமத்தினேன்.
திரும்பவும் இட்டார்கள்.
பொம்பிளை கும்பிட்டாள்.
பின்கதவில் எலும்புக்கு நின்ற நாய்கள் ஓடிவிட்டன.

மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு ஏறி வந்தார்.
"தம்பி, எந்தப் படம்?"

எர்வின் வில்லுக்கு ரோசின் பூசியபடி:
"இன்னும் வரேல்லை அண்ணை."

கப்பல் வெள்ளியே போய்விட்டது,
வெறும் வயிற்றோடு, உயரமாய் மிதந்து.
பாட்டுகளின் பெயர்கள் எனக்கு வாசிக்க வராத எழுத்தில்.
ஆகவே கோப்பில் இப்படிப் போட்டிருக்கிறேன்:
கோதுமை ஒன்று,
கோதுமை இரண்டு.