மே மாதத்தில் ஹீட்டர்

"ஃபேமிலி வண்டிங்க, பார்த்துப் பார்த்து ஓட்டுனது"
என்றுதான் விற்றவர் சொன்னார்.
எண்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
மீட்டரை நம்பினோம்.
பிரேக் பெடலின் ரப்பர்
வழுக்கையாகத் தேய்ந்திருந்ததை
அன்றைக்கு யார் குனிந்து பார்த்தது?
ஏழு சீட். நாங்கள் நாலு பேர்,
நாத்தனார் டெல்ஃபினாவோடு ஐந்து.
இரண்டு சீட் சும்மா கிடப்பதே
பெரிய பணக்காரத்தனமாக இருந்தது.

முதல் வாரம் ஏசியில் ஒரு நாற்றம்.
மணலி வாசனை என்று விட்டுவிட்டோம்.
இரண்டாம் வாரம்
ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது
முன்பக்கம் டொக்கென்றது.
அப்புறம் தண்டையார்பேட்டை நெடுக
யாரோ உள்ளிருந்து
கதவைத் தட்டிக்கொண்டே வந்தார்கள்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஓரம்
தாவூத்தின் ஷெட்.
லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ்,
பவர் ஸ்டியரிங் ஹோஸ்.
கழற்றிப் போட்டதையெல்லாம்
என் மகன் பிஸ்கட் டப்பாவில் சேர்த்தான்.
மூன்றாவது வரிசைக் கார்ப்பெட்டைத் தூக்கினால்
அடியில் வண்டல்.
காய்ந்து, பாளம் பாளமாய் வெடித்து,
அதில் பாதி புதைந்து
குழந்தையின் ரோஸ் கலர் கிளிப் ஒன்று.
"யக்கா, இது தண்ணி பார்த்த வண்டி."
"எந்த வருஷத்துத் தண்ணி?" என்றேன்.
இந்தப் பக்கம் அப்படித்தான் கேட்போம்.

விற்றவர் சொன்னதில்
ஃபேமிலி என்ற வார்த்தை மட்டும்
பொய்யில்லை.
கிளிப்பை எறிய மனசில்லாமல்
இன்சூரன்ஸ் காகிதத்தோடு வைத்தேன்.

டெல்ஃபினாவுக்கு நிச்சயம், எண்ணூரில்.
மே மாதம், பகல் இரண்டு மணி.
எர்ணாவூர் மேம்பாலத்துக்கு முன்னால்
கன்டெய்னர் லாரிகள்
சாமான் இறக்காத கப்பல் மாதிரி நின்றன.
முள் ஏறியது.
பாதி. பாதிக்கு மேல்.
சிவப்புக் கோட்டைத் தொடப் போகும்போது
தாவூத்துக்குப் போன் போட்டேன்.
"ஏசியை நிறுத்து. ஹீட்டரைப் போடு, ஃபுல்லா."
"ஹீட்டரா?"
"இஞ்சின் சூட்டைக் கொஞ்சம்
நீங்க வாங்கிக்கங்கக்கா."

வாங்கிக்கொண்டோம்.
அருள்சீலன் சட்டையைக் கழற்றிவிட்டுப்
பனியனோடு ஸ்டியரிங் பிடித்தார்.
குழந்தைகள் ஆளுக்கொரு ஜன்னலில் தலை நீட்டினார்கள்.
டெல்ஃபினாவின் புருவ மை
கன்னத்துக்கு இறங்கியது.
"முள்ளு எங்க இருக்கு அண்ணி?" என்று
கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.
நூலளவு இறங்கியிருந்தது.
சொன்னேன். எல்லோரும் கை தட்டினோம்.
பக்கத்து லாரி கிளீனர் எட்டிப் பார்த்து
என்ன நினைத்தானோ,
அவனும் தட்டினான்.

அதற்கப்புறம் ரேடியேட்டர் மாற்றினோம்.
தெர்மோஸ்டாட். கிளட்ச் பிளேட்.
மழைக்காலக் காலைகளில்
மூன்று முறை இருமித்தான் எழும்.
டிக்கிக் கதவின் அடியை
உப்புக் காற்று அரித்துக்கொண்டிருந்தது.
அருள்சீலன் செலவு எழுதுகிற நோட்டு
நாற்பத்தாறாயிரத்தோடு நின்றது.
செலவு நிற்கவில்லை, நோட்டுதான் நின்றது.
நடுரோட்டில் விட்டதா என்றால் இல்லை.
எப்போதும் ஓரமாகப் பார்த்துத்தான் விட்டது.

போன ஞாயிறு செங்குன்றத்திலிருந்து
ஒரு குடும்பம் பார்க்க வந்தது.
அவர் டயரை உதைத்தார்,
எதற்கென்று அவருக்கும் தெரியாது.
அவர் மனைவி நேராக என்னிடம்,
"நம்பி வாங்கலாமாக்கா?"
வாயில் வந்தது
"ஃபேமிலி வண்டிங்க."
அதற்குள் அவர்கள் பையன்
மூன்றாவது வரிசையில் ஏறிப்
படுத்துவிட்டான், செருப்போடு.

கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினேன்.
கழுவியும் போகாத கறையை.
நோட்டைக் கொடுத்தேன்.
விலையில் பதினைந்தாயிரம் அங்கேயே இறங்கியது.
அருள்சீலன் என் பக்கம் பார்க்கவேயில்லை.

சாவி கொடுக்கும்போது சொன்னேன்:
"லாரி வரிசையில் மாட்டினால்
ஹீட்டரைப் போடுங்கள்."
"மெட்ராஸிலா!" என்று சிரித்தார்.
அந்த அம்மா மட்டும் சிரிக்காமல்
எந்தப் பொத்தான் என்று கேட்டாள்.